ஊசி போட வந்த அம்மன்

கோழிக்கு அம்மை வந்தால் முதலில் கொண்டையில் மிளகு அளவில் பொரி எழும்பும். பிறகு அலகோரம், கண்ணோரம் என்று இறங்கும். காய்ந்து தடித்துக் கண்ணை மூடிவிடும். கண் மூடிய கோழிக்குத் தீனி எங்கே கிடக்கிறது என்று தெரியாது. காலடியில் அரிசியைக் கொட்டி வைத்தாலும் பட்டினி கிடந்து சாகும்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அத்தையின் கோழிகள் இப்படித்தான் செத்தன. அத்தை ஒவ்வொன்றாக மடியில் வைத்து, அலகைப் பிளந்து, சோற்றை உருட்டி ஊட்டிப் பார்த்தாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். தெருக்காரர்கள் வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மன் வந்திருக்கிறாள், ஒன்றும் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். குழி தோண்டியது அத்தையும் நானும்தான்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கட்டியவன் தூத்துக்குடியில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அத்தை ஒரு இரும்புப் பெட்டியோடும் கால் கட்டிய இரண்டு பெட்டைக் கோழிகளோடும் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சாகுபுரத்திலிருந்து குலசேகரன்பட்டினம் போகும் வழியில், கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. இரண்டே அறை உள்ள வீடு. அப்பாவுக்குச் சாகுபுரம் ஆலையில் ஒப்பந்த வேலை. அம்மா கெட்டவள் இல்லை. ஆனால் இரண்டு அறை வீட்டில் நாத்தனார் நிரந்தரமாக வந்து உட்கார்ந்தால் எந்தப் பெண்ணுக்கும் முகம் சுருங்கத்தான் செய்யும். அத்தைக்கு அது தெரியும். அதனால்தான் கோழி வளர்த்தாள். முட்டை விற்றும் சேவல் விற்றும் என் பள்ளிக்கூடச் செருப்பு முதல் வீட்டுக்குக் கருப்பட்டி வரை வாங்கிப் போட்டாள். கோழி இருந்தவரை அவள் தட்டில் சோறு விழும்போது யாரும் பேசவில்லை.

கோழி செத்த வருஷம் பேச்சு ஆரம்பித்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி விடுதியில் சமையலுக்கு ஆள் கேட்கிறார்களாம் என்று அம்மா சொல்வாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு பார்ப்போம் என்பார். நான் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறவள். திருப்பூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த ஊரை வெறுத்தேன்.

பிழைத்த ஒரு பெட்டையை வைத்து அத்தை மறுபடியும் அடை வைத்தாள். அடுத்த வருஷம் முற்றம் திரும்பவும் நிறைந்துவிட்டது. இனி ஒரு தடவை சாகக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒரு நாள் காலையில் பஸ் ஏறிக் கால்நடை மருந்தகத்துக்குப் போனாள். மனிதருக்கு இருப்பதுபோலக் கோழிக்கும் அம்மைக்குத் தடுப்பூசி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். இருக்கிறது என்றார் அங்கே இருந்த சார். ஆனால் மருந்து குப்பியில் தூளாக வரும், ஒரு குப்பி நூறு கோழிக்கு, கரைத்துவிட்டால் சீக்கிரம் போட்டு முடித்துவிட வேண்டும், மிச்சத்தை வைத்துக்கொள்ள முடியாது. உன் ஒரு வீட்டுக்காகக் குப்பியை உடைக்க முடியாதும்மா, தெருவைச் சேர்த்துக்கொண்டு வா என்றார். இன்னொன்றும் சொன்னார். நோய் வருவதற்கு முன்னால் போட வேண்டும். வந்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை.

அத்தை வீடு வீடாகப் போனாள். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. கடை அண்ணாச்சியிடம் கேட்டுக்கொண்டு சொல்கிறோம் என்றார்கள். எங்கள் தெரு அப்படி. தன் கோழியைப் பற்றி முடிவெடுக்கக்கூட இன்னொரு ஆள் வேண்டும்.

அப்போது குலசையில், அதாவது குலசேகரன்பட்டினத்தில், தசராவுக்குக் கொடி ஏறிவிட்டது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு, விரதம் இருந்து, கையில் காப்புக் கட்டி, வேஷம் போட்டு ஊர் ஊராக, வாசல் வாசலாகக் காணிக்கை வாங்குவார்கள். காளி, ராஜா, குறத்தி, கரடி, போலீஸ் என்று எந்த வேஷமும் போடலாம். வாங்கியதைக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எங்கள் தெருவின் தசராக் குழுவுக்குத் தலைவர் கடை அண்ணாச்சி. பெரிய மளிகைக் கடை, பெரிய மீசை, வருஷா வருஷம் காளி வேஷம். வேஷம் போட்டு வாசலில் நிற்பவரை மனிதராகப் பார்க்காதே, அது அம்மன், அம்மன் கேட்டதை இல்லை என்று சொல்லாதே. இது அவர் எல்லோருக்கும் நடத்துகிற பாடம்.

காப்புக் கட்டிய ஊரில் அம்மைக்கு ஊசி போடுவது அம்மனைக் குத்துவதற்குச் சமம் என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொல்லிவிட்டார். தசரா முடியட்டும், பார்க்கலாம் என்றார். இந்த அண்ணாச்சி சர்க்கரை நோய்க்காகத் தினமும் காலையில் கடைக்குப் பின்னால் போய்ச் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறவர். காப்புக் கட்டிய பிறகும் போட்டுக்கொண்டார். அந்த ஊசியில் அம்மனுக்கு ஆட்சேபம் இல்லை போலிருக்கிறது.

மறுநாள் வடக்குத் தெருவில் இரண்டு வீட்டுக் கோழிகளுக்குக் கொண்டையில் பொரி எழும்பிவிட்டது என்று சேதி வந்தது.

எனக்கும் அந்த வருஷம் வேஷம் இருந்தது. முன்பு எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது, பிழைத்தால் வேஷம் கட்டுகிறோம் என்று அப்பா நேர்ந்திருந்தார். முந்தின வருஷம் குறத்தி. அந்த வருஷமும் குறத்திதான் என்று முடிவாகி, அத்தை என் ரவிக்கையில் ஜிகினா வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வடக்குத் தெருச் சேதி வந்த அன்று தைத்துக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள். ஊசியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள். மத்தியானம் கண்ணசந்தபோது அம்மன் கனவில் வந்தாளாம். இந்தப் பிள்ளை என் வேஷம் போட வேண்டும் என்று கேட்டாளாம். அப்பா உடனே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அம்மாவும் விளக்கை ஏற்றி வைத்தாள். எனக்கு மட்டும் ஒரு சின்னக் குழப்பம். அன்று மத்தியானம் முழுக்க அத்தை தூங்கவே இல்லை. என் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, தெருவே சேரும் என்று அத்தை போய்ச் சொன்னதன் பேரில், விடிந்ததும் விடியாததுமாகச் சார் ஒரு ஐஸ் பெட்டியோடு வந்தார். தெரு முனையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அத்தை அவரை உட்கார வைத்தாள். உள்ளே வந்தால் ஊர் பேசும். அவர் இந்தப் பக்கத்துக்காரர் இல்லை. அம்மன் வேஷத்தில் நின்ற என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

மஞ்சள் பூசிய முகம், சிவப்புப் பட்டுப் பாவாடை, தங்கத் தாள் ஒட்டிய அட்டைக் கிரீடம், இடது கையில் வேப்பங்குலை. வலது கையில் ஊசி. அந்த ஊசி சாதாரண ஊசி மாதிரி இருக்காது. ஒரு பிடியில் இரண்டு முள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அதை மருந்தில் முக்கி, கோழியின் இறக்கையை விரித்து, மடிப்பில் இருக்கும் மெல்லிய தோலில் ஒரே குத்தாகக் குத்தி எடுக்க வேண்டும். இறகில் படக் கூடாது. நரம்பில் படக் கூடாது. எலும்பில் படக் கூடாது. அத்தை தொட்டிப் பக்கம் கொண்டுவந்த எங்கள் வீட்டுக் கோழிகளில் வைத்துச் சார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அத்தை பிடித்துக்கொள்ள, நான் குத்தினேன். சார் குனிந்து பார்த்துவிட்டு, நான் குத்தினாலும் இப்படித்தான் இருக்கும் என்றார். பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே என் கை நடுங்கவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன்.

முதல் வாசல் கடை அண்ணாச்சி வீடு. அங்கே ஆரம்பிக்காவிட்டால் வேறு எங்கேயும் நடக்காது என்று அத்தை கணக்குப் போட்டிருந்தாள். கையில் கொண்டுவந்த பூசை மணியை அடித்தாள். அண்ணாச்சி குளித்துச் சிவப்பு வேட்டியோடு வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் இளகியது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும், அந்த மனுஷனுக்குப் பக்தி உண்டு. விழுந்து கும்பிட்டார். உள்ளே போய்த் தட்டில் அரிசியும் காசும் வைத்துக்கொண்டு வந்தார்.

அத்தை சொல்லிக்கொடுத்தபடி நான் தட்டைத் தொடவில்லை.

"காசு வேண்டாம். கோழியக் கொண்டா" என்றேன்.

அண்ணாச்சியின் கை தட்டோடு நின்றுவிட்டது. என் கையில் இருந்த ஊசியைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். தெரு முனையில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்த சாரை எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"ஏளா, இது ஒன் வேலைதான?" என்றார் அத்தையிடம், மெதுவாக.

"எங்கிட்ட ஏன் அண்ணாச்சி கேக்கிய? கேக்கது யாருன்னு நல்லாப் பாத்துட்டு, தர மாட்டேன்னா அவ மொகத்தப் பாத்துச் சொல்லுங்க" என்றாள் அத்தை.

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். எனக்கு மூக்கில் மஞ்சள் காய்ந்து அரித்தது. சொறிந்தால் காரியம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவரையே முறைத்தேன். அது கோபமாகத் தெரிந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் நடத்திய பாடம் அவர் வாசலிலேயே வந்து நின்றால் மனுஷன் என்ன செய்வார்? தட்டைக் கீழே வைத்துவிட்டு, கூட்டைத் திறக்கச் சொல்லி வீட்டுக்குள் குரல் கொடுத்தார்.

அதற்குப் பிறகு தெருவில் ஒரு வாசலும் மூடவில்லை. அத்தை கூட்டுக்குள் கை விட்டு ஒவ்வொன்றாக எடுப்பாள், கொண்டையையும் கண்ணையும் பார்ப்பாள், நோய் இல்லை என்றால் இறக்கையை விரித்துக் காட்டுவாள். நான் குத்துவேன். முக்குவதும் குத்துவதும், முக்குவதும் குத்துவதும். அண்ணாச்சி வீட்டிலேயே ஒரு சேவல் படபடவென்று அடித்ததில் கிரீடம் சாய்ந்து என் ஒரு கண்ணை மறைத்தது. ஒற்றைக் கண்ணோடு அம்மன் ஊசி போட்டாள். ஒரு கிழவி என் கையைப் பார்த்துவிட்டு, சூலத்தில் ஒரு முள் குறைகிறதே என்றாள். கோழிக்கு இரண்டு போதும் என்றாள் அத்தை. இன்னொரு வீட்டுப் பெண் என் காலடியில் உட்கார்ந்து, மகனுக்கு ஹார்பரில் வேலை கிடைக்குமா தாயே என்று அழ ஆரம்பித்துவிட்டாள். மருந்து வீணாகிவிடுமே என்று அத்தைக்குத் தவிப்பு. என்ன சொல்வது என்று நான் அத்தையைப் பார்த்தேன். தலையை ஆட்டினாள்.

"கெடைக்கும். கோழியப் பிடி" என்றேன்.

அந்தப் பையனுக்கு ஹார்பரில் வேலை கிடைக்கவும் செய்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

வெயில் ஏறுவதற்குள் எங்கள் தெருவில் ஊசி படாத நல்ல கோழி இல்லை. சார் காலிக் குப்பியைப் பெட்டியில் வைத்து மூடினார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு வாரம் கழித்து, சூரசம்ஹாரம் முடிந்த மறுநாள், பெண்கள் நாலைந்து பேர் கையில் கோழியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஊசி போட்ட இடத்தில் பொரி எழும்பியிருந்தது. அம்மையே இல்லாத தெருவுக்குள் அம்மையைக் கொண்டுவந்து வைத்தவள் என்று அத்தையை ஏசினார்கள். புருஷனை வைத்துக்கொள்ளத் தெரியாதவளுக்குக் கோழியைப் பற்றி என்ன தெரியும் என்று ஒருத்தி கேட்டாள். அவள் இன்னும் இருக்கிறாள். இன்றைக்கும் நான் அவளோடு பேசுவதில்லை. அப்பா வேலை முடிந்து வந்தவர், கூட்டத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு, அக்கா, நீ திருப்பூருக்கே போயிரு என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார். அதையும் நான் மறக்கவில்லை.

அத்தை அழவில்லை. வந்தவர்களின் கோழிகளை ஒவ்வொன்றாக வாங்கி இறக்கையை விரித்துப் பார்த்தாள்.

"இந்தப் பொரி வந்தா மருந்து பிடிச்சிருக்குன்னு அர்த்தம். காஞ்சு தன்னால விழுந்துரும். கொண்டையில பாருங்க, கண்ணுல பாருங்க, எங்கனயாவது இருக்கா? இது எந்தக் கோழிக்கு வரலையோ அதுக்குப் பயப்படுங்க" என்றாள்.

யாரும் நம்பவில்லை. நீ பார்த்துக்கொள் என்று கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். பெட்டியைக் கட்டச் சொல்லி அம்மா ஜாடை காட்டினாள். நான் அந்தப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கடை அண்ணாச்சி வந்தார். முன்வாசல் வழியாக வரவில்லை. பின்பக்கமாக, துண்டுக்குள் ஒரு சேவலை மறைத்துக்கொண்டு வந்தார். அது அவருடைய செல்லச் சேவல். கடைப் பலகையில் ஏறி நின்று கூவும். அத்தையிடம் கிட்டத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி,

"ஏளா, இதுக்கு வரலையே?" என்றார்.

அத்தை இறக்கையை விரித்துப் பார்த்தாள். உண்மைதான். குத்திய இடம் சுத்தமாக இருந்தது. படபடவென்று அடித்துக் கிரீடத்தைச் சாய்த்த சேவல் இதுதான் என்று எனக்கு ஞாபகம் வந்தது. மருந்து சரியாகப் படவில்லை. சாரிடம் கேட்டு மறுபடி போட வேண்டும், அதுவரை வெளியே விடாமல் வலைக்குள் அடைத்து வையுங்கள், கொசு கடித்தால் அம்மை தொற்றிக்கொள்ளும் என்றாள். அண்ணாச்சி சரி சரி என்று தலையை ஆட்டினார். போகும்போது முன்வாசல் வழியாகப் போனார். சேவலைத் துண்டுக்குள் மறைக்கவும் இல்லை. தெருவே பார்த்தது. அப்பாவும் பார்த்தார்.

திருப்பூர்ப் பேச்சு அன்று சாயங்காலத்தோடு நின்றது.

தசரா முடிந்து மழை வந்தது. உப்பளத்துப் பக்கம் தண்ணீர் தேங்கிக் கொசு மேகம் மாதிரி எழும்பியது. வடக்குத் தெருவில் கூடுகள் காலியாயின. கடலோரக் குடியிருப்பிலும் அப்படியே. எங்கள் தெருவில் கோழி கூவியது. குத்திய இடத்துப் பொரிகள் காய்ந்து உதிர்ந்தன. அண்ணாச்சியின் சேவலுக்கு இரண்டாவது ஊசியை அத்தையே போட்டாள். வேஷம் இல்லை, மணி இல்லை. வெறும் நூல் சேலையில், பட்டப்பகலில், அவர் வீட்டு முற்றத்தில் போய்ப் போட்டாள். அடுத்த வருஷம் வடக்குத் தெருக்காரர்களே வந்து கூப்பிட்டார்கள்.

நான் இப்போது தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட்டில் வேலை பார்க்கிறேன். காகிதம் சரியில்லாமல் உள்ளே நுழையப் பார்க்கிற லாரிக்காரர்கள் என் வாய்க்குப் பயப்படுவார்கள். அந்த வாய் அத்தை கொடுத்தது. அவள் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். முன் அறை அவளுடையது. அம்மா அவளைக் கேட்காமல் உலை வைப்பதில்லை.

ஆனால் ஊரில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். அம்மனையே ஏமாற்றிய கெட்டிக்காரி, சாமி பயம் இல்லாதவள் என்று சிரிக்கிறார்கள். சிலர் பாராட்டாகவும் சொல்கிறார்கள். எதுவாக இருந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏனென்றால் ஊசி போட்டு முடித்த அன்று வீட்டுக்குள் நடந்ததை அவர்கள் பார்க்கவில்லை. பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அத்தை என்னை உள்ளே விட்டுக் கதவைத் தாழிட்டாள். கிரீடத்தைக் கழற்றிவிடு என்றேன், தலை வலித்தது. அவள் கழற்றவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, என் முன்னால் தரையில் குப்புற விழுந்தாள். ஆண்கள்தான் அப்படி நீளமாக விழுந்து கும்பிடுவார்கள். பெண்கள் அப்படி விழுந்து நான் பார்த்ததே இல்லை. கைகளைத் தலைக்கு மேலே நீட்டி, நெற்றியைத் தரையில் வைத்து என்னவோ சொன்னாள். சத்தம் தரைக்குள் போனாலும் எனக்குக் கேட்டது.

"கனவுன்னு பொய் சொன்னது நாந்தான் தாயே. பிள்ளைக்கு ஒண்ணுந் தெரியாது. கேக்கணும்னா என்னயக் கேளு. எடுக்கணும்னா என்னய எடு. கோழியக்கூட எடுத்துக்கோ. பிள்ளைய விட்ரு."

அவள் என்னோடு விளையாடுகிறாள் என்று நினைத்தேன். காலையிலிருந்து ஊரெல்லாம் என் காலில் விழுந்துகொண்டிருந்தது, அத்தையும் விழுகிறாள், அவ்வளவுதான். எழுந்திரு என்று சொல்லிப் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் முதுகில் ஏறி உட்கார்ந்தேன். போகலாம் போகலாம் என்று குதிகாலால் இடுப்பில் இடித்தேன்.

அத்தையின் முதுகு எனக்குக் கீழே குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன்.